சிறு செலவில் பெருவிருந்து

தை பிறக்கப் பத்து நாள்கள் இருக்கும்போதே தமிழ்நாட்டு இல்லங்களில் இருவகைப் பேச்சுகள் எழுகின்றன. கரும்பு எத்தனை வாங்குவது, எந்நாளில் உறவினர் வீட்டிற்குச் செல்வது என்று சிறுவர் பேசுவர். அரிசி எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, இவற்றிற்குப் பணம் எங்கே என்று பெற்றோர் பேசுவர். முதற்பேச்சு திண்ணையில் உரக்க நிகழும். இரண்டாவது பேச்சு, பிள்ளைகள் உறங்கிய பின்னர் அடுக்களையில் தாழ்ந்த குரலில் நிகழும். இப்பாடம் அவ்விரண்டாவது பேச்சைப் பற்றியது.

நாட்கூலி பெற்று வாழும் குடும்பத்திற்குப் பண்டிகை இரு வழியிலும் சோதனையாகும். அந்நாள்களில் செலவு மிகுகின்றது. அதே நாள்களில் வேலை இன்மையால் வருவாய் நின்றுவிடுகின்றது. போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என நான்கு நாள்கள். கொத்து வேலை செய்வோர்க்கும் மூட்டை தூக்குவோர்க்கும் தறி நெய்வோர்க்கும் இந்நான்கு நாள்களில் கூலி இல்லை. ஆயினும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். மற்ற நாள்களைவிட மிகுதியாகவே எரிய வேண்டும். கையிலுள்ள பணம் போதாதபோது கடன் வாங்குகின்றனர். தையில் வாங்கிய கடனுக்கு மாசியிலும் பங்குனியிலும் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் பல. கரும்பின் இனிப்பு நாவில் நின்ற நேரம் சிறிது. கடன் நின்ற காலம் பெரிது.

வருவாய் வரும் வழி சிறியதாக இருப்பினும், செலவு போகும் வழி அகலாமல் இருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. அக்கருத்தை அவர் அரசனுக்கு உரைக்கும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது எண்ணத்தக்கது. தன் வலிமையின் எல்லையை அறிந்து செயலில் இறங்கும் அறிவு, நாடாளும் வேந்தனுக்கு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு அடுப்பின்முன் நிற்கும் இல்லத்தரசிக்கும் வேண்டும். இன்னும் சொல்லப்போனால், வேந்தனுக்குக் களஞ்சியம் உண்டு. அவளுக்கு அஃது இல்லை.

இங்கு ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. பொங்கல் நாளில் பொங்கலே வேண்டா என்று அடுப்பை அணைத்துவிடுவது சிக்கனம் ஆகாது. ஆண்டு முழுவதும் கஞ்சியும் துவையலும் உண்டு உழைத்த குடும்பம், ஒரு நாளேனும் இலை நிறைய உண்ண விரும்புவது இயல்பு, அவ்விருப்பம் இழிவானதன்று. அவ்விருப்பத்தைக் கடன்படாமல் நிறைவேற்றுவது எவ்வாறு என்பதே வினா.

இவ்வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி பொங்கல் திருநாளுக்குள்ளேயே அடங்கியுள்ளது. அந்நாளில் இலையில் படைக்கப்பெறும் பொருள்களை ஒவ்வொன்றாக நோக்குக. புத்தரிசி, புதுவெல்லம், கரும்பு, மஞ்சட்கொத்து, பரங்கிக்காய், அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, கருணை, சேம்பு, வாழைக்காய். திருநெல்வேலிப் பகுதியானால் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் இவற்றுடன் சேரும். இவற்றுள் தொலைநாட்டிலிருந்து கப்பலேறி வர வேண்டிய பொருள் ஒன்றேனும் உண்டோ? இல்லை. காவிரிப் படுகையில் ஆவணி, புரட்டாசியில் பயிரான சம்பா நெல் தையில் களத்துக்கு வருகின்றது. கரும்பு வெட்டும் காலமும் அதுவே. மார்கழிப் பனியில் காய்த்த மொச்சையும் அவரையும் கொடியில் மிகுந்து தொங்குகின்றன. மண்ணுக்குள் இருந்த கிழங்குகள் தோண்டி எடுக்கப்பெறுகின்றன. அம்மாதத்தில் நிலம் எவற்றை மிகுதியாகத் தந்ததோ, அவற்றையே நம் முன்னோர் திருநாள் விருந்தாக வகுத்துக்கொண்டனர். மிகுதியாக விளைந்த பொருளின் விலை தாழும் என்பது சந்தையின் பொதுவிதி. ஆதலின் பொங்கல் விருந்து பிறவியிலேயே சிக்கன விருந்தாகும். அதனைச் செலவு மிக்கதாக ஆக்கியது, மரபில் இல்லாத பொருள்களையும் அதனோடு சேர்க்க விரும்பும் நம் ஆசையே. முந்திரியும் உலர்திராட்சையும் கடை இனிப்புப் பெட்டிகளும் இல்லாவிடில் விருந்து குறையுடையதாகும் என்னும் எண்ணம் அண்மைக் காலத்தது.

சந்தையின் பொதுவிதிக்கு ஒரு விலக்கும் உண்டு. காய்கறி எவ்வளவு விளைந்திருப்பினும், பண்டிகைக்கு முதல்நாள் மாலை எல்லாரும் ஒருங்கே கடைவீதிக்குச் செல்வதால் விலை ஏறிவிடும். சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் பொங்கலை ஒட்டிக் கரும்பும் மஞ்சளும் வண்டி வண்டியாக வந்து இறங்குகின்றன; எனினும் போகியன்று மாலை அங்குள்ள நெரிசலில் விலை பேச எவருக்கும் நேரம் இருப்பதில்லை. கெடாத பொருள்களை முன்னரே வாங்கிக்கொள்வோர் இந்நெரிசலிலிருந்து தப்புவர். வெல்லம், பருப்பு, புளி, உலர்ந்த மிளகாய் ஆகியவை ஒரு மாதம் முன்பே வாங்கத்தக்கவை. சேனை, கருணை, சர்க்கரைவள்ளி முதலிய கிழங்குகள் மண்ணோடு நிழலிற் கிடந்தால் பல நாள்கள் தாங்கும். முழுப் பரங்கி வாரக்கணக்கில் கெடாது. ஆனால் அறுத்த பரங்கி இரண்டு நாளில் அழுகத் தொடங்கும். இக்காரணத்தால் கீற்றாக வாங்குவதைவிட, நான்கு வீட்டார் கூடி ஒரு முழுக்காயை முன்கூட்டி வாங்கிப் பொங்கலன்று காலையில் பகிர்ந்துகொள்வது மலிவு. வாழையிலையும் பூவும் இறுதி நாளில் வாங்கியே ஆக வேண்டியவை. அவற்றில் மிச்சம் பிடிக்க இயலாது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்குரிய பணத்தை முதலிலேயே தனியே எடுத்து வைத்தல் அறிவுடைமை.

பொங்கலன்று பல வீடுகளில் ஆக்கப்பெறும் பலகாய்க் கூட்டு, சிக்கனத்தின் நுட்பத்தை நன்கு விளக்குவதாகும். ஐந்து காய், ஏழு காய், ஒன்பது காய் என ஒற்றைப்படை எண்ணில் காய்களைச் சேர்ப்பர். ஏழு காய் என்றவுடன் ஏழு மடங்கு செலவு என்று கருதுதல் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடியே வேண்டப்படுகின்றது. தோட்டத்து அவரை கொஞ்சம், அடுத்த வீட்டார் தந்த வாழைக்காய் ஒன்று, நேற்று மீந்த கத்தரிக்காய் இரண்டு என்று, தனித்தனியே ஒரு கறிக்குப் போதாத சிறு சிறு பொருள்கள் யாவும் ஒரு சட்டியில் ஒன்றுகூடிக் குடும்பத்திற்கே போதுமானவை ஆகின்றன. ஏழைக்கு இதனைவிட ஏற்ற கறி பிறிதொன்று இல்லை. செல்வர் வீட்டு விருந்திலும் இதனைவிடச் சுவையுடைய கறியைக் காண்டல் அரிது.

ஆனால், இக்கூட்டின் சுவை காய்களைச் சட்டியில் இடும் முறையைப் பொறுத்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இட்டால், பரங்கி கரைந்து போகும். கருணை வேகாமல் நிற்கும். கிழங்குகளும் மொச்சையும் முதலில் வேக வேண்டும். பின்னர் வாழைக்காயும் அவரையும் சேர வேண்டும். பரங்கியும் கத்தரியும் அவற்றின் பின்னரே இடத்தக்கவை. புளிக்கரைசல் எல்லாவற்றிற்கும் இறுதியில் வரும். இவ்வரிசைக்குத் தக்க காரணம் உண்டு. காய்களின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் பெக்டின் என்னும் பொருள் வெந்நீரில் தளர்ந்து கரைவதையே நாம் வேகுதல் என்கின்றோம். புளிப்பு அதனைத் தளரவொட்டாமல் தடுக்கின்றது. ஆகவே புளியை முன்னரே ஊற்றினால் மொச்சையும் பருப்பும் நெடுநேரம் கொதித்தும் கடுத்தே நிற்கும், எரிபொருள் வீணாகும். கருணையின் காறல் நீங்கப் புளி வேண்டுமாயின், அக்கிழங்கை மட்டும் புளிநீரில் தனியே வேகவைத்துச் சேர்க்கலாம். இந்த முறையைப் பெரும்பாலான பாட்டிமார் அறிவர். அவர்கள் பெக்டின் என்னும் பெயரை மட்டுமே அறியார்.

இனி, பொங்கலை நோக்குவோம். புத்தரிசிக்கும் பழைய அரிசிக்கும் வேறுபாடு உண்டு. அறுவடையாகிச் சில திங்களே ஆன அரிசி வெந்தால் குழையும், ஒன்றோடொன்று ஒட்டும். ஓராண்டு கிடந்த பழைய அரிசி நீரை மிகுதியாக ஏற்றுப் பருத்து, உதிரியாக நிற்கும். 'பழைய அரிசி சோறு காணும்' என்று தாய்மார் கூறுவது இதனாலேயே. ஆதலின், குழைய வேண்டிய பொங்கலுக்குப் புத்தரிசியும், அன்றைய சோற்றுக்குப் பழைய அரிசியும் கொள்வது இருவகையிலும் பயன் தரும். ஒன்றில் சுவை மிகுகின்றது. மற்றொன்றில் அளவு மிகுகின்றது.

ஒரு பங்கு பச்சரிசிக்குக் கால் பங்கு பாசிப்பருப்பும் ஒன்றரைப் பங்கு வெல்லமும் போதுமானவை. பருப்பை வெறுஞ்சட்டியில் மணம் வர வறுத்துச் சேர்த்தால், நெய் குறைந்த குறை தோன்றாது. அரிசியும் பருப்பும் விரலால் நசுக்கினால் மசியும் வரை வெந்த பின்னரே வெல்லத்தை இட வேண்டும். இனிப்பு, நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால், முன்னரே இட்டால் அரிசியின் மாச்சத்து முற்றும் வேகாமல் விறைத்துவிடும். வெல்லத்தை நேரே இடாமல், சிறிது நீரிற் கரைத்து வடிகட்டி ஊற்றுவதால் மண்ணும் தூசும் நீங்கும். விலை குறைந்த வெல்லத்தில் இவை மிகுதியாக இருத்தலின் இப்பணியைச் சோம்பலால் விட்டுவிடலாகாது. சிலர் பாலை மிகுதியாக ஊற்றிக் கொதிக்கும்போதே வெல்லத்தையும் இடுவர். வெல்லத்திலுள்ள சிறு புளிப்பால் பால் திரிந்து, பொருளும் உழைப்பும் பாழாகும்.

நெய் விலையுயர்ந்த பொருள். அது சுவையைவிட மணத்தாலேயே சிறப்புறுவது. அடுப்பின்மேல் நெடுநேரம் கொதிக்கும் பொங்கலில் அதனை ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும். இறக்கும் தறுவாயில் இரண்டு கரண்டி நெய்யில் ஏலக்காய்ப் பொடியைப் பொரித்து ஊற்றினால், ஐந்து கரண்டி ஊற்றியது போன்ற மணம் வீடெங்கும் பரவும். முந்திரிக்கு மாற்றாகத் தேங்காயைப் பல்லுப் பல்லாக நறுக்கிச் சிவக்க வறுத்து இடலாம், வேர்க்கடலையும் இடலாம். இஃது ஏழ்மையால் கொண்ட மாற்று என்று நாணவேண்டுவதில்லை. முந்திரி, போர்ச்சுகீசியர் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவந்த மரத்தின் கொட்டை. அது வருமுன்னரும் தமிழர் விருந்துண்டே வாழ்ந்தனர். ஒரு சிட்டிகை உப்பை இறுதியில் சேர்ப்பது மற்றொரு நுட்பம். உப்பு சிறிதளவாயின் இனிப்பை எடுத்துக்காட்டும். அதனால் வெல்லத்தைச் சிறிது குறைக்கவும் இயலும்.

அரிசியோடு பருப்பைக் கூட்டுவது சுவைக்காக மட்டுமன்று. உடலை வளர்க்கும் புரதம் பல அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் லைசின் என்பது அரிசியில் குறைவு, பருப்பில் மிகுதி. மெத்தியோனின் என்பது பருப்பில் குறைவு. அரிசியில் போதிய அளவு உண்டு. இரண்டும் சேர்ந்தபோது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. பாலும் இறைச்சியும் மிகுதியாக வாங்க இயலாத குடும்பத்திற்கு வெண்பொங்கல் ஒரு கிண்ணம் எத்துணை நன்மை செய்கின்றது என்பதை இதனால் அறியலாம். நெல் விளையாத புன்செய் ஊர்களில் உள்ளோர் சாமையிலும் தினையிலும் வரகிலும் இதே முறையிற் பொங்கல் ஆக்கலாம். அவை நார்ச்சத்து மிக்கவை. சிறிது உண்டாலே பசி அடங்கும்.

விருந்துச் செலவைக் கணக்கிடுவோர் பலர் எரிபொருளை மறந்துவிடுகின்றனர். விறகாயினும் எரிவாயுவாயினும் அதுவும் பணமே. திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 100 பாகை வெப்பத்தில் கொதிக்கின்றது. கொதித்த பின்னர் தீயை எவ்வளவு பெருக்கினும் நீரின் வெப்பம் அதற்குமேல் ஏறாது. நீர் விரைந்து ஆவியாகுமேயன்றிக் காய் விரைந்து வேகாது. எனவே கொதி வந்தவுடன் தீயைத் தணித்து மூடி வைப்பதே முறை. அழுத்தச் சமைகலத்தில் ஆவி வெளியேறாமல் அடைபடுவதால் வெப்பம் 120 பாகையளவுக்கு உயர்கின்றது. அதனால் பருப்பு விரைவில் வேகின்றது. அஃது இல்லாத வீட்டில், மொச்சையையும் பருப்பையும் முன்னரே ஊறவைப்பது பாதி வேலையைச் செய்துவிடும். உலர்ந்த மொச்சையாயின் முதல்நாள் இரவே ஊற வேண்டும். பொங்கற்பானைக்கு மட்டும் இவ்விதியில் விலக்கு அளிக்கலாம். அது மூடியின்றிப் பொங்கி வழிந்தால்தானே திருநாள்! பாலிலுள்ள புரதமும் அரிசியிலிருந்து கசியும் மாச்சத்தும் நீராவிக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய போர்வையாகின்றன. குமிழிகள் உடையாமல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நுரையாய் வழிகின்றன. சிறுவர் கூவி முடித்தவுடன் தீயைக் குறைத்துவிடலாம்.

வடையில்லாத விருந்தைப் பலர் விருந்தாகக் கருதுவதில்லை. வடையின் செலவு உளுந்தில் குறைவு, எண்ணெயில் மிகுதி. உளுந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஊறினால் போதும். நீரை ஊற்றாமல் தெளித்துத் தெளித்து அரைத்தால் மாவினுள் காற்று அடங்கி, அது பஞ்சுபோல் உப்பும். சிறிது மாவைத் தண்ணீரில் இட்டால் மிதக்க வேண்டும், அதுவே பதம். நீர் மிகுந்த மாவு எண்ணெயை உறிஞ்சும். காயாத எண்ணெயில் இட்ட வடையும் எண்ணெயைக் குடிக்கும். அகன்ற தட்டை வாணலியைவிட, அடி குறுகிய ஆழமான வாணலிக்குக் குறைந்த எண்ணெயே போதும். ஒரே நேரத்தில் பத்து வடைகளை இட முடியாது. அடுப்பருகில் சற்று நேரம் மிகுதியாக நிற்க நேரும். பணம் இல்லாதவிடத்துக் காலத்தைச் செலவிடத்தான் வேண்டும்.

அக்காலம் யாருடையது என்னும் வினாவை இவ்விடத்து எழுப்பாமல் செல்லுதல் நேர்மையாகாது. மொச்சையை உரிப்பதும், கிழங்கைக் கழுவித் தோல் சீவுவதும், வெல்லம் வடிகட்டுவதும், வடை சுடுவதும் பணத்தைச் சேமிக்கும் பணிகளே. இப்பணிகள் பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. விடியுமுன் எழுந்து கோலமிட்ட தாய், நண்பகல் வரை அடுப்பருகே நின்று, எல்லாரும் உண்ட பின்னர், சட்டியின் அடியில் எஞ்சியதை உண்கிறாள். வருவாய் குறைந்த பல வீடுகளில் பண்டிகைச் செலவு எங்கே குறைக்கப்பட்டது என்று ஆராய்ந்தால், அது அவளுடைய இலையில்தான் குறைக்கப்பட்டிருக்கும். இதனைச் சிக்கனம் என்று புகழ்வது தவறு. மொச்சையை உரிக்க ஆண்பிள்ளைகளின் கைகளுக்கும் இயலும். ஐந்து பேர் சூழ்ந்து அமர்ந்தால் இரண்டு படி மொச்சை அரை மணியில் உரிபடும். பரிமாறும் முன்னரே தாய்க்குரிய பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைக்கும் வழக்கமுள்ள வீடுகளும் உண்டு. அவ்வழக்கத்திற்குக் காசு செலவில்லை.

அரசும் இத்துறையில் பங்கு கொண்டுள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை மாகாணத்தில் அரிசி பங்கீட்டு முறையில் அளந்து தரப்பெற்றது. போர் முடிந்த பின்னரும் நீடித்த உணவுக் கட்டுப்பாட்டை 1952ஆம் ஆண்டில் முதலமைச்சர் இராஜாஜி நீக்கினார். அளந்து தந்த அரிசிக்குள் அன்றாடச் சோற்றையும் திருநாட் பொங்கலையும் அடக்கிய அக்காலத்து இல்லத்தரசியர், இன்றையோர்க்கு ஆசிரியர் ஆகத்தக்கவர். 2011ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றித் தரப்பெற்று வருகின்றது. பொங்கலை ஒட்டிச் சிறப்புத் தொகுப்பு வழங்கும் வழக்கமும் உண்டு. 2023ஆம் ஆண்டில் அரிசி அட்டை உள்ளோர்க்கு 1 கிலோ பச்சரிசி, 1 கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு, 1000 ரூபாய் ஆகியவை வழங்கப்பெற்றன. இத்தகைய தொகுப்புக் கிடைக்கும் ஆண்டில், சர்க்கரையைப் பாயசத்திற்கும் தேநீருக்கும் வைத்துக்கொண்டு, பொங்கலுக்கு வெல்லம் வாங்குவோர் சுவையையும் காப்பர், கையிருப்பையும் காப்பர்.

சிக்கனத்தின் கடைசிப் படி, சமைத்த உணவைக் காப்பதாகும். தை மாதக் குளிர் இதற்குத் துணை செய்யும். எனினும் அதனை முற்றும் நம்பலாகாது. சமைத்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதிற் பெருகி வயிற்றுக்குத் தீங்கு செய்யும். விரைவில் ஆறவைத்து நீரூற்றி வைப்பதே பழைய முறை. தேங்காய் அரைத்துச் சேர்த்த கறிகள் முதலில் கெடும். அவற்றை அன்றே உண்டு தீர்த்துவிட வேண்டும். பருப்புக் குழம்பு அடுத்தது. புளியும் எண்ணெயும் சேர்ந்தவை நெடுநேரம் நிற்கும். பொங்கலன்று மீந்த கூட்டையும் குழம்பையும் ஒன்றாக்கி, மறுநாள் நீர் வற்றச் சுண்டவைத்தால், அதன் சுவை முதல்நாட் சுவையை வென்றுவிடும். இதனை உண்பதற்காகவே கூட்டைச் சற்று மிகுதியாக ஆக்கும் வீடுகள் உண்டு. வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி வதக்கலாம். பரங்கித் தோல் துவையலாகும். விதைகளைக் கழுவி வெயிலில் உலர்த்தி வைத்தால் பிள்ளைகளுக்குத் தின்பண்டமாகும். கரும்புத் தோகை மாட்டுக்கு ஆகும்.

மாட்டுப் பொங்கலன்று சில குடும்பங்களில் கணுப்பிடி வைக்கும் வழக்கம் உள்ளது. முதல்நாட் சோற்றில் மஞ்சளும் குங்குமமும் கலந்து சிறு சிறு உருண்டைகளாக்கி, மஞ்சள் இலையில் வரிசையாக வைத்து, உடன்பிறந்தார் நலம் வேண்டிப் பெண்கள் பறவைகளுக்கு இடுவர். மீந்த சோறு அங்கே குப்பைக்குச் செல்லாமல் காக்கைக்கும் குருவிக்கும் விருந்தாகின்றது.

காணும் பொங்கலன்று ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் மக்கள் திரள்கின்றனர். அங்கே கடைகளில் ஐவர் வயிறார உண்பதற்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டில் மூன்று நாள் சமைக்கலாம். இதனை அறிந்த தாய், போகியன்றே புளிக்காய்ச்சலை ஆக்கி ஒரு சாடியில் வைத்துவிடுகிறாள். வடை சுட்ட எண்ணெயில் எஞ்சியது அதற்குப் பயன்படாது. ஏனெனில் வடை மறுநாளே சுடப்பெறும். அவ்வெண்ணெய் காணும் பொங்கலன்று காலையில் தாளிக்க உதவும். பழைய அரிசிச் சோற்றை உதிரியாக வடித்து, ஆறவைத்து, சாடியிலுள்ளதைக் கலந்து, வறுத்த வேர்க்கடலையைத் தூவி, வாழையிலையில் இறுகக் கட்டினால் கட்டுச்சோறு ஆயிற்று. மற்றொரு தூக்கில் தயிர்ச்சோறும், மேலே இரண்டு ஊறுகாய்த் துண்டுகளும். சென்னைக் கடற்கரை மணலில் மாலையில் அவ்விலையை அவிழ்க்கும்போது, எண்ணெயும் புளியும் சோற்றில் நன்கு ஊறியிருக்கும். பிள்ளைகள் அலையில் நின்று ஓடிவந்து கைகழுவி அமர்வர். அப்பொழுது தாயும் அவர்களோடு அமர்ந்து உண்ணலாம். அங்கே அவள் எழுந்து சென்று கிளற வேண்டிய அடுப்பு எதுவும் இல்லை.